வண்டிச் சக்கரத்தில் செய்த பறை

சோலை,

நலமா என்று கேட்க மாட்டேன். மூன்று தெரு தள்ளித்தான் இருக்கிறாய். நீ நலமாக இல்லை என்பது எனக்குத் தெரியும். நேற்று நீ வந்து நின்றதும், கத்தியதும், படலைத் தள்ளிவிட்டுப் போனதும் இந்தத் தெருவுக்கே தெரியும். உன்னோடு பேச உட்கார்ந்தால் பேச்சு நீளுவதற்குள் நீ எழுந்துவிடுகிறாய், நீ எழுந்ததைப் பார்த்து நானும் எழுந்துவிடுகிறேன், பிறகு இரண்டு பேரும் நின்றுகொண்டு கத்துகிறோம். அதனால் எழுதுகிறேன். முழுவதும் படி. நடுவில் கோபம் வந்தால் மடித்து வைத்துவிட்டு, சாப்பிட்டுவிட்டு வந்து மீதியைப் படி. வேறு யாராவது படித்தாலும் எனக்கு ஒன்றுமில்லை. கோயில் மடத்தில் வைத்துச் சத்தமாக வாசித்தாலும் சரி. உன்னைப் போலக் கப்பலுக்குப் பெயர் கொடுத்துவிட்டு நிலைகொள்ளாமல் அலைகிற பிள்ளைகளும், என்னைப் போல உட்கார்ந்த இடத்தில் உட்கார முடியாமல் தவிக்கிற தாய்மாரும் இந்த ரங்கூன் தின்கன்ஜூனில் வீட்டுக்கு வீடு இருக்கிறார்கள்.

விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மதராஸ் போகிற கப்பலுக்கு உன் பெயரையும் உன் பெண்சாதி வள்ளி பெயரையும் பிள்ளை பெயரையும் எழுதிக் கொடுத்தாய். என்னைக் கேட்காமல் என் பெயரையும் கொடுத்தாய். அன்றைக்கே நான் வரமாட்டேன் என்றேன். "நீ வரலைன்னா நானும் போகலை, எல்லாரும் இங்கேயே கிடந்து சாவோம்" என்றாய். வெள்ளிக்கிழமை கப்பல். இதை விட்டால் அடுத்தது எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. இன்சீன் ரயில் பட்டறையில் உன் வேலை போய்விட்டது. கையில் இருப்பது வெளிநாட்டார் கார்டு. நீ பிறந்தது இந்த மண்ணில்தான், ஆனாலும் கார்டு அப்படித்தான் சொல்கிறது. ஆகவே நீ போகத்தான் வேண்டும். நான் இங்கே இருக்கத்தான் வேண்டும். இந்த இரண்டையும் உன் மண்டையில் ஏற்றுவதற்குத்தான் இந்தக் கடிதம்.

சற்று எழுந்து போய்விட்டு வந்தேன். வாசலில் தோல் காய்கிறது. மேற்கே கறுத்துக்கொண்டு வருகிறது. ஒரு தூறல் விழுந்தால் போதும், நேற்றுப் பட்ட பாடெல்லாம் வீண். அதனால் இரண்டு வரி எழுதுவேன், எழுந்து மேகத்தைப் பார்ப்பேன், வருவேன். எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

நேற்று நீ வந்தபோது நான் ஏன் உன் முகத்தைக்கூட ஏறிட்டுப் பார்க்கவில்லை என்று உனக்கு ஆத்திரம். "நான் கப்பலைப் பத்திப் பேசுறேன், நீ மாட்டுத் தோலைக் கட்டிக்கிட்டு அழுவுறியே ஆத்தா" என்றாய். நீ இந்த வேலையைக் கற்றுக்கொள்ளவில்லை, அதனால் உனக்குத் தெரியாது. ஊறவைத்த தோலைத் தொட்டியிலிருந்து எடுத்துவிட்டால் அது யாருக்காகவும் காத்திருக்காது. பறைச் சட்டத்தில் புளியங்கொட்டைப் பசை தடவியாகிவிட்டது. இந்தப் பக்கம் இழுத்தால் எதிர்ப்பக்கமும் அதே அளவு இழுக்க வேண்டும், வார் கோத்து முறுக்க வேண்டும். நடுவில் கையை எடுத்தால் ஒரு பக்கம் காய்ந்து சுருங்கி, அந்தப் பறை ஆயுசுக்கும் ஒரு பக்கமாகவே பேசும். எதிரில் உன் மச்சான் கோ டின் இழுத்துக்கொண்டிருந்தான். நான் கையை எடுத்தால் அவன் இழுப்பும் வீண். வேண்டுமென்றே பேசாமல் இருந்தேன் என்று நினைக்காதே. பல்லால் வாரைக் கடித்துக்கொண்டிருந்தேன், அதனால் சொல்ல முடியவில்லை.

அது எந்தச் சட்டம் என்று நீ பார்த்திருக்க மாட்டாய். உன் ஐயா கடைசியாகச் செய்த சட்டம். நீ கிழித்தாயே, அதே பறை. அதற்குத்தான் மறுபடி தோல் ஏற்றினேன்.

ஒரு வருஷமாக நான் உன்னிடம் அதைப் பற்றிப் பேசவில்லை. மறந்துவிட்டேன் என்று நீ நினைத்திருக்கலாம். உன் ஆத்தா எதையாவது மறந்து நீ பார்த்திருக்கிறாயா?

ஐயா முதலில் துறைமுகத்தில் மூட்டை தூக்கினார், பிறகு முனிசிபாலிட்டியில் ரோடு போட்டார். பறை செய்தது ஓய்ந்த நேரத்தில்தான். ஊரில் வேப்பமரத்தில் சட்டம் செய்வார்கள். இங்கே வேம்பு வாங்க மேல் பர்மாவுக்குப் போக வேண்டும். ஐயா என்ன செய்தார், உடைந்த மாட்டுவண்டிச் சக்கரங்களைத் தேடினார். பர்மாக்காரர்கள் சக்கரத்துக்குப் பிடாவ் மரத்தைப் போடுகிறார்கள், இரும்பு மாதிரி மரம். சக்கரத்தின் விளிம்புக்கட்டையான வட்டையை எடுத்து, அதன் வளைவு பறைக்குப் போதாது என்பதால் வாச்சியால் செதுக்கிச் செதுக்கி உள்வளைவைக் கூட்டுவார். மூன்று துண்டு சேர்ந்தால் ஒரு சட்டம். "எத்தனை மழை, எத்தனை சேறு குடிச்ச மரம். இனிமே இதுக்குக் கோணுறதுக்கு ஒண்ணும் பாக்கியில்லை" என்பார். வேம்பில் செய்த பறையைவிடக் கனம், தோளில் வார் பதிந்துவிடும். ஆனால் தீயில் காய்ச்சி அடித்தால் அந்தக் கணீரென்ற சத்தம் இரண்டு ஸ்டேஷனுக்குக் கேட்கும். பெகுவிலிருந்தும் தாட்டோனிலிருந்தும் கோயில்காரர்கள் வந்து வாங்கிப் போனார்கள். மூன்று துண்டுகளையும் இணைக்கிற இரும்புப் பட்டையை அந்தக் கடைசிச் சட்டத்துக்குக் கொண்டுவந்து கொடுத்தது யார் தெரியுமா? நீதான். பட்டறையில் வேலைக்குச் சேர்ந்த புதிதில், கழித்துப் போட்ட தகட்டைக் கேட்டு வாங்கி வந்தாய். ஐயா அதை வெயிலில் பிடித்துப் பிடித்துப் பார்த்தார். உன்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. என்னிடம், "பய கண்ணு பரவாயில்லை, துரு ஏறாத தகடாப் பாத்து எடுத்திருக்கான்" என்றார்.

சக்கரம் விற்க வந்தவன்தான் கோ டின். அவன் அப்பா வண்டி செய்கிறவர். மாதத்துக்கு ஒருதரம் சக்கரம் உருட்டிக்கொண்டு வந்தான், பிறகு வாரத்துக்கு ஒருதரம் வந்தான், பிறகு சக்கரமே இல்லாமல் வந்தான். ஐயாவுக்குப் புரிவதற்குள் உன் அக்கா பவுனுக்குப் புரிந்துவிட்டது. நீ அன்றைக்குக் குதித்த குதி எனக்கு ஞாபகமிருக்கிறது. "பர்மாக்காரனுக்கா?" என்றாய். ஐயா சிரித்தார். "சக்கரத்துக்கு நான் ஒழுங்கா விலை பேசலை, அவன் வேற விதமா வசூல் பண்ணிட்டான்" என்றார். இன்றைக்கு அந்த வீட்டில் இரண்டு பிள்ளைகள், பாட்டியான என்னைப் பர்மாப் பேச்சில் "அப்வா, அப்வா" என்று கூப்பிடுகின்றன. நான் தமிழில் திட்டினால் சிரிக்கின்றன, பர்மாப் பேச்சில் திட்டினால்தான் பயப்படுகின்றன. ஆனால் நீ நினைக்கிறதுபோல நான் அவர்களுக்காக இங்கே நிற்கவில்லை. பவுனு என்னைப் பார்த்துக்கொள்வாள் என்பதும் காரணமில்லை. அவளுக்கு என் வாயைத் தாங்குகிற பொறுமை கிடையாது.

இப்போது மேஸ்திரி கதையைச் சொல்கிறேன். உனக்குப் பாதிதான் தெரியும். முன்வீட்டில் இருந்தாரே, துறைமுகத்துக்கு ஆள் கட்டுகிற மேஸ்திரி, அவருடைய தாய் இறந்தபோது ஓர் ஆளை அனுப்பினார். அந்த ஆள் வேலிக்கு வெளியே நின்று, "மேஸ்திரி வரச் சொன்னாரு. பறையை எடுத்துக்கிட்டு வா" என்றான். ஐயா செதுக்கிக்கொண்டிருந்தார். தலையைத் தூக்கவில்லை.

"யாரு போனது?"

"மேஸ்திரி ஆத்தா."

"அடடா. நல்ல மனுசி. மேஸ்திரியை வந்து கூப்பிடச் சொல்லு."

"அவரு இங்க வருவாரா? என்ன பேசுறே?"

"அவரு வரலைன்னா அடியும் வராது. போய்ச் சொல்லு, கோவிச்சுக்க மாட்டாரு. கோவிச்சாலும் எனக்கென்ன, நான் இப்ப முனிசிபாலிட்டி ஆளு."

வீண் வம்பு என்று நான் உள்ளே தலையில் அடித்துக்கொண்டேன். ஆனால் மேஸ்திரி வந்தார். சேற்றில் செருப்பு புதைய, குடையோடு வேலிக்கு அந்தப் பக்கம் நின்று, "ஆத்தா போயிருச்சு. வா" என்றார். அவ்வளவுதான் சொன்னார். ஐயா அந்த நிமிஷமே எழுந்துவிட்டார். அன்றைக்கு அவர் அடித்ததை இந்தத் தெருவில் இருந்தவர்கள் இன்னும் சொல்வார்கள். மேஸ்திரி தூணைக் கட்டிக்கொண்டு சிறுபிள்ளை மாதிரி அழுதார். எல்லாம் முடிந்து எல்லோருக்கும் கண்ணாடித் தம்ளரில் தேத்தண்ணி வந்தது. ஐயாவுக்குச் சிரட்டையில் வந்தது. கடல் தாண்டி ரங்கூனில், பர்மாக்காரர்கள் பார்த்துக்கொண்டிருக்க, தேங்காய்ச் சிரட்டையில். ஐயா அதை வாங்கி, குடிக்காமல், வீட்டுக்குக் கொண்டுவந்து என்னிடம் கொடுத்தார். நான் அதை அடுப்பில் போட்டேன். அதற்குப் பிறகு மேஸ்திரி வீட்டுக் கல்யாணத்துக்கோ சாவுக்கோ எங்கள் வீட்டுப் பறை போகவில்லை. மேஸ்திரி இரண்டுதரம் வந்து கூப்பிட்டார். ஐயா, "வேற ஆள் பாருங்க" என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்த்தார். மேஸ்திரியால் ஒன்றும் செய்ய முடியவில்லை. கப்பல் ஏறுகிற அன்று அவர் தெருவில் எல்லோரிடமும் கைகூப்பிச் சொல்லிக்கொண்டு வந்தார். நான் முதுகைத் திருப்பிக்கொண்டு அரிசி புடைத்தேன். அரிசியில் கல்லே இல்லை, சும்மா புடைத்தேன்.

இந்த இடத்தை நீ நன்றாகப் பிடித்துக்கொள். சிரட்டை இங்கேயும் வந்தது. ஆனால் அடுத்தமுறை ஐயா போகவில்லை. போகாமல் இருக்க முடிந்தது.

மேகம் கலைந்த மாதிரி இருக்கிறது. தோலை ஒருதரம் தட்டிப் பார்த்தேன். இன்னும் ஈரச் சத்தம்தான். இனி நீ கிழித்த கதை.

கடைகளையெல்லாம் அரசாங்கம் எடுத்துக்கொண்டு வாசலில் நம்பர் போட்டதும், இந்தத் தெருவிலிருந்து முதலில் கிளம்பியது எண்ணெய்க்கடை ராக்காயி குடும்பம். சும்மா போகக்கூடாது, மேளதாளத்தோடு அனுப்ப வேண்டும் என்று தெருவே சேர்ந்து முடிவு செய்தது. நல்ல எண்ணம்தான். ஐயா அப்போது உயிரோடு இல்லை. உன் சின்னய்யா ஐயாவின் பறையை எடுத்து மாட்டிக்கொண்டார். முதலில் சாமிக்கு அடிக்கிற அடிதான் அடித்தார். பிள்ளைகள் ஆடின. லாரி முக்கில் நின்றது. எல்லோரும் மூட்டையோடு நடந்தார்கள். முக்கு திரும்பியது. இந்தத் தெருவில் யார் செத்தாலும் பாடை அந்த முக்கில்தான் திரும்பும். அந்த இடத்தில் அடி மாறும். உன் சின்னய்யா எத்தனையோ பேரைத் திருப்பிக்கொண்டு போன முக்கு அது. கால் அங்கே வந்ததும் கை தானாக அந்த அடிக்கு மாறிவிட்டது.

ராக்காயி நின்றாள். தலையிலிருந்த மூட்டையைக் கீழே போட்டாள்.

"யாருக்குடா அடிக்கிறே? ஏண்டா, எந்தப் பொணத்துக்குடா அடிக்கிறே? நான் உசுரோட நிக்கிறேன்டா, என் புள்ளைக உசுரோட நிக்குதுடா!"

"கை தானாப் போயிருச்சு தாயி, மனசுல ஒண்ணுமில்லை தாயி" என்றார் சின்னய்யா. யாரோ ஒருவன் சிரித்துவிட்டான். லாரியில் உட்கார்ந்திருந்த ராக்காயியின் மாமியார் ஒப்பாரி வைக்கத் தொடங்கினாள், தனக்குத்தானே. பார்த்துக்கொண்டு நின்ற பெண்கள் எல்லோரும் சேர்ந்துகொண்டார்கள். அப்போதுதான் நீ பட்டறை ஆட்களோடு ஷிப்டு முடிந்து வந்தாய். உன் முகம் கறுத்தது. லாரிக் கயிறு அறுக்க வைத்திருந்த கத்தியை எடுத்தாய், சின்னய்யா கழுத்திலிருந்து பறையை உருவினாய், குறுக்கே ஒரு கிழி. "இனிமே இந்தச் சனியன் இந்தத் தெருவில சத்தம் போடக்கூடாது" என்றாய். நன்றாகக் காய்ச்சிய தோல், வெடி போலக் கிழிந்தது. எனக்கு என் வயிற்றில் கேட்டது.

ராக்காயி கோபப்பட்டதில் நியாயம் இருந்தது, ஆனாலும் அவள் சொன்ன வேறு சில வார்த்தைகளுக்காக அவளை நான் பாதிதான் மன்னித்தேன். சின்னய்யா மேல் குற்றமே இல்லை. வாழ்வுக்கு ஓர் அடி இருக்கிறது, சாமிக்கு இருக்கிறது, சாவுக்கு இருக்கிறது. நல்ல உயிரோடு இருக்கிறவர்களைத் தெருத்தெருவாக மூட்டை கட்டி அனுப்புகிற காரியம் நம்மில் யாரும் பார்த்ததில்லை. அதற்கு யார் அடி சொல்லிக்கொடுத்திருப்பார்கள்? பாவம், அந்தக் கிழவர் கையில் இருந்ததை அடித்தார். உன்னை நான் மன்னித்தேனா என்றால், இல்லை. நீ உன் கூட்டாளிகளுக்கு முன்னால் வெட்கப்பட்டாய், அந்த வெட்கத்தை உன் அப்பன் வேலையின் மேல் தீர்த்துக்கொண்டாய். அதை நான் சாகிறவரை வைத்திருப்பேன். ஆனால் அந்தக் கோபத்தில்தான் உன்னோடு வர மறுக்கிறேன் என்று நினைத்தால் உன்னைவிட முட்டாள் இல்லை. கோபம் என்பது கூடவே எடுத்துக்கொண்டு போகிற சாமான். கப்பலில் அதற்கு இடமும் வேண்டாம், துறைமுகத்தில் அதைக் கழற்றச் சொல்லிப் பிடுங்கவும் மாட்டார்கள்.

சட்டத்தைப் பரண்மேல் போட்டேன். ஆடித் திருவிழாவுக்கு அம்மன் கோயிலில் அடிக்க இந்த வட்டாரத்தில் ஒரு பறைகூட மிஞ்சவில்லை என்று தெரிந்ததும் இறக்கினேன். தோலுக்கு இன்சீன் சந்தைக்குப் போனோம், நானும் கோ டினும், வட்ட ரயிலில். தோலைச் சுருட்டி, வாழையிலை சுற்றி, கூடையில் வைத்து, மேலே கீரை பரப்பினேன். வரும்போது பெட்டியில் ஒவ்வொருவராக மூக்கைப் பிடித்துக்கொண்டு தள்ளி உட்கார்ந்தார்கள். ஒரு பர்மாக்கார அம்மாள் மட்டும் தள்ளவில்லை. "என்ன நாற்றம் இது?" என்று நேராகவே கேட்டாள். கோ டின் வாய்கூசாமல், "ஙப்பி, அத்தை, மீன் ஊறல்" என்றான். அவள் குனிந்து கூடையை முகர்ந்தாள். "நானும் நாற்பது வருஷமா ஙப்பி போடுறேன். கொம்பு முளைச்ச ஙப்பியை இன்னைக்குத்தான் பார்க்கிறேன்" என்றாள். பெட்டியே சிரித்தது. எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. எதற்கு என்று கேட்டாள், பறைக்கு என்றேன். யார் அடிப்பார்கள் என்று கேட்டாள். நான் கோ டினைக் காட்டினேன். ஆமாம் சோலை, அவன்தான் அடிக்கப்போகிறான். சின்னய்யாவிடம் கேட்டுப் பழகிக்கொண்டிருக்கிறான். பர்மாக்காரர்கள் மேளத்துத் துள்ளல் நடுவில் நடுவில் வந்துவிடுகிறது. அம்மனுக்கு அதில் ஆட்சேபம் இருந்தால் அம்மனே சொல்லட்டும்.

இதைப் பவுனு சொல்லிக் கேட்டுத்தான் நீ நேற்று கத்தினாய். முதலில் "பர்மாக்காரன் பறை அடிக்கவா" என்றாய். பிறகு என்ன சொன்னாய்? "ஆத்தா, நீ இங்க யாருக்கு இதைச் செய்றே? நம்ம ஊருக்குப் போவோம். பறைதான் தமிழனோட ஆதி வாத்தியம். அங்க உன்னைத் தலையில வச்சுக் கொண்டாடுவாங்க. நம்ம மண்ணுல நம்ம சாதி சனத்தோட நம்ம தொழிலைச் செய்வோம்." படிப்பகத்தில் யாரோ வந்து பேசியதைக் கேட்டிருக்கிறாய். பேசினவர் நல்லவராகத்தான் இருப்பார். போன வருஷம் சனியன், இந்த வருஷம் ஆதி வாத்தியம். எனக்கு இரண்டுமே காதில் நிற்கவில்லை. "நம்ம ஊரு" என்றாயே, அது மட்டும்தான் நெஞ்சில் குத்திக்கொண்டு நிற்கிறது. நீ பார்க்காத ஊர் அது. நான் பார்த்த ஊர்.

நாங்கள் உன்னிடம் சொல்லாமல் வளர்த்த ஒன்றை இப்போது சொல்கிறேன். பவுனுக்கும் தெரியாது.

பவுனுக்கு முன்னால் ஒருத்தி இருந்தாள். நடக்கப் பழகியிருந்தாள். காய்ச்சலும் வயிற்றுப்போக்கும் கண்டு துணியாய்க் கிடந்தாள். பக்கத்து ஊரில் மருந்து கொடுக்கிற பாதிரியார் இருந்தார், அங்கே தூக்கிக்கொண்டு போக ஐயா தோளில் போட்டுக்கொண்டார். சேரி எல்லையில் ஊர்க்காவல்காரன் மறித்தான். பெரிய வீட்டில் கிழவர் இறந்துவிட்டார். ஐயாவுக்கு அப்போது இருபது வயதுகூட நிறைந்திருக்காது.

"பிள்ளைக்கு முடியலைங்க, கொண்டுபோய்க் காட்டிட்டு ஓடியாந்துர்றேன்."

"உன் பிள்ளை எங்க போயிறப்போகுது? பொணம் காத்துக் கிடக்குமா? பறையை எடு."

எடுத்தார். எடுக்காமல் இருக்க முடியாது, சோலை. எடுக்காவிட்டால் அன்று சாயங்காலம் நம் கூரை இருக்காது, அண்டைக் கூரைகளும் இருக்காது. காலையிலிருந்து பிணம் வேகிறவரை அடித்தார். பாதிரியாரிடம் நான் தூக்கிக்கொண்டு ஓடினேன். வழியிலேயே என் தோளில் கனம் மாறிவிட்டது. அது தாய்க்குத் தெரியும். திரும்பி வந்து நான் குடிசையில் உட்கார்ந்திருக்க, ஊருக்குள் உன் ஐயா அடிக்கிற அடி கேட்டுக்கொண்டேயிருந்தது. நல்ல கை அவருக்கு. பிசகில்லாமல் அடித்தார். அந்தச் சத்தம் கேட்டு ஊரே அழுதது.

அதற்குப் பிறகு நாங்கள் அங்கே இருந்தது கொஞ்ச நாள்தான். நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறும்போது அவர் ஒரே ஒரு வார்த்தை சொன்னார். "கூப்பிட்டா ஓடுற கையி இனிமே எனக்கு வேணாம்." அவர் பறையை வெறுக்கவில்லை. இங்கே வந்து, யாரும் கேட்காமல், சக்கரத்தைத் தேடி அலைந்து, தானாகவே செய்தார். தனக்குப் பிடித்த மரத்தில், தனக்குப் பிடித்த நேரத்தில். கூப்பிடுகிறவன் கூப்பிடுகிற விதத்தைப் பார்த்துப் போனார், போகாமலும் இருந்தார். உனக்கு அது ஒரு பறை. எனக்கு அது அந்த மனுஷன் வாழ்நாள் முழுக்கச் சம்பாதித்தது. நீ என்னை எந்த ஊருக்குக் கூப்பிடுகிறாய் என்று இப்போது தெரிகிறதா? அந்தக் காவல்காரனின் பேரன் அங்கே இருப்பான். நான் அந்த எல்லையில் கால் வைக்க மாட்டேன்.

மழை வந்தேவிட்டது. கோ டின் ஓடிவந்து, பெற்ற தாயைக் கூப்பிடுகிற மாதிரி, "அமே, பிடி, பிடி" என்றான். இரண்டு பேரும் தூக்கி உள்ளே வைத்தோம். ஓரத்தில் நாலு துளி பட்டிருக்கிறது, அடுப்படியில் அணைவாக வைத்திருக்கிறேன். பிழைத்துக்கொள்ளும்.

இன்று காலையில் நான் அவனையும் கூட்டிக்கொண்டு கப்பல் ஆபீசுக்குப் போனேன். என் பெயரை அடிக்கச் சொன்னேன். அங்கே இருந்த பர்மாப் பையனுக்குச் சிரிப்பு. எல்லோரும் பெயர் சேர்க்கச் சொல்லிக் காலில் விழுகிறார்களாம். "ஏன் அமே, கடல்னா பயமா?" என்று கேட்டான். "கடலை நான் வரும்போதே பார்த்துட்டேன், இறங்குற இடத்தைத்தான் யோசிக்கிறேன்" என்றேன். என் கண் முன்னாலேயே கோடு போட்டான். ஆகவே இனி நீ எனக்காக நிற்பதில் பிரயோசனமில்லை. உங்கள் மூன்று பேர் பெயரும் பத்திரமாக இருக்கிறது, நான் கேட்டுப் பார்த்துவிட்டுத்தான் வந்தேன். கோபப்படு, வந்து கத்து, படலை உடைத்தாலும் கோ டின் புதிதாகக் கட்டிக்கொடுப்பான். ஆனால் வெள்ளிக்கிழமை ஏறு.

அங்கே போய் என்ன செய்ய வேண்டும் என்று சொல்கிறேன். மதராசில் இறங்கியதும் முகாமில் எந்த ஊர் என்று கேட்பார்கள். கிராமத்தின் பெயரைச் சொல்லாதே. ரயில் பட்டறை இருக்கிற பட்டணமாகப் பார்த்துக் கேள். உன் கை இரும்பு அறிந்த கை, ஐயாவே சொல்லியிருக்கிறார். பங்காளிகள் வருவார்கள், நிலம் இருக்கிறது, குடிசை போட இடம் தருகிறோம், நம் மண் என்பார்கள். காபி வாங்கிக்கொடுத்து அனுப்பிவிடு. பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது தலையைச் சொறியாதே, நிமிர்ந்து நில். வள்ளி பேச்சைக் கேள், அவளுக்கு உன்னைவிட நிதானம் அதிகம். அவளிடம் இதைச் சொல்லாதே, சொன்னால் என் மேல் வைத்திருக்கிற கோபம் குறைந்துவிடும்.

யாராவது ஒரு நாள் உன்னைக் கேட்பார்கள், உன் அப்பன் ரங்கூனில் என்ன செய்தான் என்று. மறைக்காதே. பறை செய்தார், நல்ல பறை, விலை சொல்லி விற்றார் என்று சொல். "அப்ப உனக்கும் வருமே, எங்க, எந்திரிச்சு வந்து ஒரு அடி அடி பார்ப்போம்" என்பார்கள். சிரித்துக்கொண்டேதான் சொல்வார்கள். நீயும் சிரித்துக்கொண்டே, உட்கார்ந்த இடத்தைவிட்டு எழாமல், "இன்னைக்கு மனசில்லை" என்று சொல். சொல்லிவிட்டு அவர்கள் முகத்தைப் பார். அந்த முகம் மாறினால், அந்த இடத்தைவிட்டு அன்றைக்கே மூட்டையைக் கட்டு. முகம் மாறாத ஓர் ஊர், "சரிப்பா, இன்னொரு நாளைக்குப் பாப்போம்" என்று சொல்லிவிட்டுத் தம் வேலையைப் பார்க்கப் போகிறவர்கள் இருக்கிற ஓர் ஊர் உனக்குக் கிடைத்தால், எனக்கு எழுது. அப்போது கூப்பிடு, வருகிறேன்.

உன் ஆத்தா